பழைய 407 கேரவன்: டிஸ்க் பிரேக்கா, ஏர் சஸ்பென்ஷனா, ரெண்டும் வேண்டாமா?

#1 கடலோரக்கேரவன் (திருவொற்றியூர்)

எல்லாருக்கும் வணக்கம். ஷூட்டிங்குக்கு ஓடிக்கிட்டிருந்த ஒரு பழைய கேரவனை வாங்கியிருக்கேன். 1993 மாடல் டாடா 407 லாரியோட சேஸிஸ் (அடிச்சட்டம்), அது மேல கட்டின பாடி. உள்ளே ரெண்டு படுக்கை, சின்ன அடுப்படி, கழிவறை. 200 லிட்டர் தண்ணித் தொட்டி பின் ஆக்சிலையும் (சக்கர அச்சு) தாண்டிப் பின்னால இருக்கு. ஜெனரேட்டர் வலது பக்கப் பின் மூலையில. ஆர்சியில் கேரவன்னுதான் பதிவு, மொத்த எடை 5,300 கிலோன்னு போட்டிருக்கு.

இன்ஜின் நல்லா இருக்கு. பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது, பெடலும் பாதிக்கு மேல கீழ போன பிறகுதான் பிடிக்குது. ரெண்டு, வலது பின்பக்கம் தாழ்ந்து நிக்குது; எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசிப் போனா மேல்பாடி ஆடுற ஆட்டத்தில் வீட்டுக்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிறாங்க.

ஒரு கடையில் முன்பக்கம் இருக்கிற டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்குக்கு மாத்தித் தர்றோம்னு கொட்டேஷன் கொடுத்தாங்க. இன்னொரு கடையில் பின்னால பாரம் தாங்க ஏர் பேக் (காத்தடைச்ச ஸ்பிரிங் பை) வைக்கலாம்னாங்க. மூணாவது ஆள், ரெண்டும் வேண்டாம், பின் ஸ்பிரிங்குல ரெண்டு இரும்புப் பட்டை சேர்த்துப் போட்டா போதும்னார். இப்ப ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு. குடும்பத்தோட கொல்லிமலை போகணும்னு ஆசை. எதை முதலில் செய்யலாம்?

#2 வேகப்பிரியன் (பெரம்பூர்)

யோசிக்கவே வேண்டாம், டிஸ்க் போடுங்க. டிரம் பிரேக்கோட கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவா? உயிர் முக்கியம் நண்பா.

#3 மூலக்கடை மெக்கானிக்

தம்பி, கொட்டேஷனை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்க. மொதல்ல வண்டிய எடை போடு. நம்ம ஏரியாவுல எடை மேடைக்கு இன்னா பஞ்சம்? மணலி போ, மாதவரம் போ, ஹார்பருக்குப் போற வழியில பாரு, எங்க திரும்புனாலும் ஒண்ணு கீது. தண்ணி ஃபுல்லு, டீசல் ஃபுல்லு, கேஸ் சிலிண்டர், ஊட்டு ஜாமான், ஆளுங்க எல்லாம் ஏத்திக்கினு போ. மொதல்ல முன் சக்கரம் மட்டும் மேடைல நிக்கணும், ஒரு சீட்டு வாங்கு. அப்பால முழு வண்டி, ஒரு சீட்டு. அப்பால பின் சக்கரம் மட்டும். கூட்டம் இல்லாத நேரமா போயி கேட்டா, ஒரு பக்கத்து சக்கரத்த மட்டும் மேடை ஓரமா ஏத்தியும் எடை எடுக்க வுடுவாங்க. தரை சமமா இருக்கணும், அவ்ளோதான்.

எடை தெரியாம பிரேக்க பத்தியும் பட்டைய பத்தியும் பேசுறது வேஸ்ட்டு.

#4 ரப்பர் ராஜா (தண்டையார்பேட்டை)

டயர் தேதி பார்த்தீங்களா? பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. கேரவன் டயர் தேய்ந்து சாகாது, நின்ன இடத்திலேயே வெயிலில் வெடிப்பு விட்டுச் சாகும். பட்டன் (தரையில் படுற ரப்பர்) பளபளன்னு இருக்கேன்னு நம்ப வேண்டாம். பின்னால ஜோடி டயருக்கு நடுவுல கையை விட்டு உள்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்க.

#5 கடலோரக்கேரவன்

மெக்கானிக் அண்ணே சொன்ன மாதிரியே எடை போட்டாச்சு, எல்லாம் நிரப்பி, நாங்க நாலு பேரும் உள்ளே இருந்து:

முன் ஆக்சில் 1,590
பின் ஆக்சில் 3,870 (இடது 1,790, வலது 2,080)
மொத்தம் 5,460

ஆர்சி எடையைவிட 160 கிலோ கூட. ஒண்ணும் ஏத்தாத மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. டயர் தேதியும் பார்த்தேன். ஸ்டெப்னி 2009. சொல்லவே வெக்கமா இருக்கு.

#6 ஓய்வில் ஒரு பொறியாளர் (வில்லிவாக்கம்)

வணக்கம். சென்னை பாடி பகுதியில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் எடைச் சீட்டைப் பார்த்ததும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

முதலாவது, தண்ணீர்த் தொட்டி. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 3 மீட்டர், தொட்டியின் நடு பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ தண்ணீர் பின் ஆக்சிலில் 200 கிலோவாக இறங்காது. நெம்புகோல் கணக்கில் 267 கிலோவாக இறங்கும். அந்த உபரி 67 கிலோ முன் ஆக்சிலிலிருந்து பிடுங்கப்பட்டது. பிரேக் போடும்போது அதிகம் உழைக்க வேண்டியவை முன் சக்கரங்கள். அவற்றின் மேலிருக்கும் எடையைத்தான் உங்கள் தொட்டி தூக்கிக்கொண்டிருக்கிறது. அதை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, சேஸிஸ் ஓரமாக, இடது பக்கம் கொண்டுவந்தால் முன் பாரம் கூடும், பின் பாரம் குறையும், வலது இடது வித்தியாசமான 290 கிலோவிலும் நல்ல பங்கு சரியாகும். இதற்கு ஆங்கிளும் வெல்டிங்கும்தான் செலவு. சேஸிஸ் மேல் கீழ் விளிம்பில் மட்டும் வெல்டு வைக்கவோ துளை போடவோ விடாதீர்கள். நடுத் தகட்டில் போல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கொல்லிமலை. கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு. 5.4 டன் வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 750 கிலோ ஜூல். ஒருமுறை நிறுத்தினால் அவ்வளவும் டிரம்மில் சூடாகிறது. அதே வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 53,000 கிலோ ஜூல். அதாவது 60-லிருந்து பூஜ்யத்துக்கு 70 தடவை நிறுத்திய சூடு. வளைவுக்கு ஒன்று. வண்டி எடை எதுவானாலும் இந்த 70 மாறாது. எடை கூடினால் ஒவ்வொரு தடவையும் சூடு கூடும். இதில் எவ்வளவை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை பிரேக் வாங்குகிறது என்பதுதான் மலை இறக்கத்தின் சூட்சுமம். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நாலாம் கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் காப்பாற்றாது.

#7 வேகப்பிரியன்

ஐயா, மரியாதையோட கேக்கிறேன். டிரம் சூடாச்சுன்னா விரிஞ்சு, உள்ளே இருந்து அழுத்துற ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் கீழ போகும். டிஸ்க்கில் அது இல்லையே? தண்ணியில இறங்கினாலும் டிஸ்க் சீக்கிரம் காயும். உலகம் முழுக்க எல்லாரும் டிஸ்க்குக்கு மாறினது சும்மாவா?

#8 ஓய்வில் ஒரு பொறியாளர்

சும்மா இல்லை. நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் டிஸ்க்கோடு பிறந்த வண்டி வேறு, டிரம் வண்டியில் டிஸ்க்கை மாட்டுவது வேறு.

டிரம்மில் முன் ஷூவை டிரம்மே சுழன்று இழுத்து இறுக்கிக்கொள்ளும். உங்கள் காலுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அழுத்தம் முழுக்கக் காலிலிருந்தும் பூஸ்டரிலிருந்தும் வர வேண்டும். பூஸ்டர் என்பது வாக்கும் (வெற்றிடம்) மூலம் காலுக்குத் துணை செய்யும் டப்பா. பழையது போதுமா? டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்குப் பிரேக் ஆயில் அதிகம் வேண்டும். பெடலோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளுமா? சில டிரம் மாஸ்டர்களில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேட் உராய்ந்துகொண்டே ஓடும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றால் இரண்டுக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வும் அதற்கேற்ப மாற வேண்டும், இல்லாவிட்டால் மழையில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி (சுழலாமல் நின்று) வண்டி வால் சுற்றும். 16 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் உட்காருகிறதா என்பது தனிக் கேள்வி.

கொட்டேஷன் கொடுத்த கடையில் இந்த நாலைந்தையும் கேளுங்கள். "அதெல்லாம் தானா செட் ஆயிடும் சார்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

#9 மூலக்கடை மெக்கானிக்

ஐயா கரெக்டா சொல்லிக்கீறாரு. நான் கைவேலைய சொல்றேன்.

வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னா இடது பிரேக்க நோண்டாதே. இடது வேலை செய்யுது, வலது வேலை செய்யல. வலது முன் டிரம்ம கழட்டு. ஷூவ தள்ற வீல் சிலிண்டர் துரு புடிச்சு இறுகிக்கீதா, ஆயில் சீல் கசிஞ்சு ஷூ மேல கீற லைனர்ல கிரீஸ் ஏறிக்கீதா, ரப்பர் ஹோஸு உள்ள ஊதி அடைச்சிக்கீதா, இந்த மூணுல ஒண்ணுதான். ஹோஸு வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள தோல் உரிஞ்சு வால்வு மாதிரி அடைக்கும். எல்லா ஹோஸையும் மாத்து, அதுல மிச்சம் புடிக்காத. லைனர் அடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே நேரம். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா அதுவே இழுக்கும்.

டிரம்ம லேத்துல குடுக்கறதுக்கு முன்ன, அது மேல எவ்ளோ பெருசு வரைக்கும் போலாம்னு அச்சடிச்சிருக்கும், பாரு. அத தாண்டிட்டா இரும்புக் கடைக்கு போட்டுட்டு புதுசு வாங்கு. மெலிஞ்ச டிரம்மு சூட்ட தாங்காது. டிரம்ம தொறந்ததும் கம்ப்ரசர் காத்து அடிச்சு தூசி ஊதறானுங்க, வுடாதே. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணிய வெச்சு தொடைக்க சொல்லு.

பெடல் கீழ போறதுக்கு மொதல்ல ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டு பாரு. பாதி வண்டிங்க அதுலயே சரியாயிடும். அப்பால பிரேக் லைன்ல கீற ஏர வெளிய எடு. அப்பால வாக்கும் டெஸ்டு: இன்ஜின ஆஃப் பண்ணி பெடல நாலஞ்சு வாட்டி மிதி, கல்லு மாதிரி ஆவும். மிதிச்சிக்கினே ஸ்டார்ட் பண்ணு. பெடல் கொஞ்சம் கீழ எறங்கணும். எறங்கலன்னா பூஸ்டர் இல்ல வாக்கும் பம்ப்பு, ரெண்டுல ஒண்ணு பேஜாரு பண்ணுது. டீசல் இன்ஜினுக்கு பம்ப்பு இல்லாம வாக்கும் கெடையாது, ஞாபகம் வெச்சுக்க.

#10 காசிமேடு செல்வி

நான் பழைய மெட்டடார் வேனில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கேன். கடலோரத்துத் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும்: பிரேக் பைப்பைப் பாருங்க. நம்ம பக்கம் உப்புக் காத்து. சேஸிஸுக்குள்ள கிளிப் பிடிச்சிருக்கிற இடத்தில்தான் பைப் அரிக்கும், வெளியே தெரியாது. கிளிப்பைக் கழட்டிப் பார்த்தா பைப் பேப்பர் மாதிரி இருக்கும். செம்பு நிக்கல் கலந்த பைப் கிடைக்குது, துருப்பிடிக்காது. சுத்தச் செம்புப் பைப் யாராவது போட்டுத் தர்றேன்னா வேண்டாம்னுடுங்க, அதிர்வில் இறுகி வெடிச்சிடும்.

பிரேக் ஆயிலையும் மாத்துங்க. காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கும், நம்ம ஊர்ல கேக்கவே வேண்டாம்.

#11 ஓய்வில் ஒரு பொறியாளர்

அம்மா சொன்னதற்கு எண் தருகிறேன். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பின் 140. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி வரும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு டாட் 4 ஊற்றுங்கள். டாட் 5 என்று சிலிக்கான் ஆயில் ஒன்று உண்டு, அதை இதோடு கலக்கவே கூடாது.

#12 மிச்சிகன் மாதவன்

ஊர் வியாசர்பாடி, இப்போ இருக்கிறது டெட்ராய்ட் பக்கம். இங்கே ஜிஎம்சி மோட்டார் ஹோம்னு ஒண்ணு, 1973-லிருந்து 1978 வரைக்கும்தான் செஞ்சாங்க. இன்னிக்கும் அதை வெச்சு ஓட்டுற கூட்டம் இருக்கு. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, முன்னால டார்ஷன் பார் (ஸ்பிரிங் மாதிரி முறுகுற கம்பி), டிஸ்க். பின்னால ஒவ்வொரு பக்கமும் ஒண்ணு பின்னால ஒண்ணா ரெண்டு சக்கரம், நடுவுல ஒரே ஏர் பேக், பிரேக் டிரம்.

அதில் ஒரு வேடிக்கை. பிரேக் மிதிச்சா அந்த ஜோடிச் சக்கரத்துக்குள்ளேயே பாரம் இடம் மாறும், ஒண்ணு லேசாகிச் சீக்கிரம் லாக் ஆகும். அதனால பின்னால டிஸ்க் போட்டவங்க பலர், பிரேக்கோட முறுக்கைத் தாங்க தனிக் கம்பி அமைப்பையும் சேர்த்துப் போட வேண்டியதாச்சு. பிரேக் தனி, சஸ்பென்ஷன் தனின்னு பிரிச்சு வேலை வாங்க முடியாதுன்னு அந்த வண்டிக்காரங்க நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. இங்கேயும் பழைய ஆளுங்க புதுசா வாங்கினவங்க கிட்ட முதலில் கேக்கிறது "நாலு மூலை எடை என்ன?"ன்னுதான்.

#13 வேகப்பிரியன்

அங்கேயிருந்து ஒரு கிட் வரவழைச்சா?

#14 ஓய்வில் ஒரு பொறியாளர்

எண்ணூரில் 1940-களின் கடைசியிலிருந்து வண்டி செய்கிறார்கள். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து மோட்டார் சைக்கிள். பாடி, அம்பத்தூர் முழுக்கப் பிரேக்கும் லைனிங்கும் சக்கரமும். இங்கே உட்கார்ந்துகொண்டு 407-க்கு அமெரிக்காவிலிருந்து கிட்டா தம்பி?

மிச்சிகன் நண்பர் தொட்ட விஷயத்தை நம் வண்டிக்குக் கொண்டுவருகிறேன். சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி வழியாக இயங்கும் லோடு சென்சிங் வால்வு இருக்கும். பாரம் ஏறிப் பின்புறம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். இப்போது நீங்கள் கூடுதல் பட்டையோ ஏர் பேக்கோ வைத்துப் பின்புறத்தைத் தூக்குகிறீர்கள். வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஐந்தரை டன்னும் முன் டிரம்மின் தலையில். சஸ்பென்ஷன் வேலை முடிந்ததும் அந்தக் கம்பியைத் திரும்ப அளந்து வைக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் இதை யாரும் தொடுவதே இல்லை. உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று முதலில் கீழே படுத்துப் பாருங்கள்.

பின்புறம் மட்டும் விறைப்பாக்குவதில் இன்னொரு கெடுதல். வளைவில் பின் டயர்கள் முன்னதாகப் பிடி விடும். உயரமான பாடிக்கு அது நல்லதல்ல.

#15 மூலக்கடை மெக்கானிக்

பட்டை விஷயம். ரெண்டு பட்டை சேத்தா வண்டி தூக்கும், ஆனா உள்ள கீற அலமாரி ஸ்க்ரூ எல்லாம் ஆறு மாசத்துல கையோட வரும். லாரிக்கு லோடு ஏறும் எறங்கும். உன்னுது எப்பவும் ஒரே லோடு. அந்த லோடுக்கு சரியா எத்தினி பட்டையோ அத்தினிதான் வேணும்.

பட்டைக் கட்ட முழுசா எறக்கி பாரு. மெயின் பட்டை சென்டர் போல்ட்டு ஓட்டை கிட்ட வெடிப்பு விட்டிருக்கும், தொடைச்சு பாத்தாதான் தெரியும். கட்ட சேஸிஸோட கோக்கற ஷாக்கிள் பின், புஷ்ஷு ரெண்டும் தேஞ்சு போயிருந்தா வண்டி ஆடாம இன்னா பண்ணும்? பட்டைய அடுப்புல காய்ச்சி வளைச்சு தர்றேன்றவன் கிட்ட போகாதே, டெம்பர் போயிடும், மறுபடி உக்காந்துக்கும். பட்டை மேல வெல்டிங் சுத்தமா கூடாது. வலது பக்கம் மட்டும் மாத்தாதே, ஜோடியா மாத்து. கட்ட ஆக்சிலோட புடிக்கற யூ போல்ட்டு புதுசு போடு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மறுபடி டைட்டு வை. அத யாரும் செய்யறதில்ல, அப்பால சென்டர் போல்ட்டு ஒடிஞ்சு ஆக்சிலு கோணலா போச்சுன்னு வர்றானுங்க.

#16 காசிமேடு செல்வி

ஷாக் அப்சார்பரை மறந்துட்டீங்களே அண்ணே. என் வண்டிக்கு அதுவும் புஷ்ஷும் மாத்தினதிலேயே ஆட்டம் அடங்கிடுச்சு. எண்ணெய்ச் சட்டியோட ஓட்டுறவ சொல்றேன்.

#17 மூலக்கடை மெக்கானிக்

ஆமா தங்கச்சி, அதான் அடுத்து எழுதலாம்னு இருந்தேன்.

#18 ஆர்டிஓ வாசல் (கொளத்தூர்)

சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோடு ஆர்சி மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. தேய்ந்த பாகத்துக்கு அதே பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. ஏர் பேக் வைத்துவிட்டால் ஆர்சியில் உள்ள மொத்த எடை கூடிவிடாது. 160 கிலோவைக் குறைத்தே ஆக வேண்டும். டிஸ்க் மாதிரி பெரிய மாற்றம் என்றால் முதலில் அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது "வின்டேஜ்" பதிவு என்று கிளம்புவதற்கு முன்: 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும், தினசரி ஓட்டவும் கூடாது. 1993 வண்டிக்கு 2043-இல் பேசலாம்.

#19 கடலோரக்கேரவன்

வேலை முடிஞ்சு வண்டி வந்தாச்சு. வலது முன் வீல் சிலிண்டர் ஒரு பக்கம் அசையவே இல்ல. அந்தப் பக்க ஹப் சீலும் கசிஞ்சு லைனர் ஊறிக் கிடந்தது. நாலு சிலிண்டர் கிட், எல்லா ஹோஸ், ரெண்டு இடத்தில் பைப், நாலு சக்கரத்துக்கும் லைனர், டாட் 4 ஆயில். முன் டிரம் ரெண்டும் அளவு தாண்டிப் போயிருந்ததால புதுசு. செல்வி அக்கா சொன்ன மாதிரியே கிளிப்புக்கு அடியில்தான் பைப் அரிச்சிருந்தது.

தண்ணித் தொட்டியை நடுவுக்கு, இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தாச்சு. அதோட ஊருக்குள்ள இருந்து 200 லிட்டர் சுமந்துக்கிட்டு போறதை விட்டுட்டு, பாதிதான் நிரப்புறோம். பழைய ஜெனரேட்டரை வித்துட்டு ஒரு சின்னது. ரெண்டும் சேர்ந்து மொத்தம் 5,290-ல நிக்குது. பின்னால புதுப் பட்டைக் கட்டு ஜோடியா, எண்ணிக்கை கூட்டல. ஷாக் அப்சார்பர், புஷ் புதுசு. ஆறு டயரும் ஸ்டெப்னியும் மாத்தினதுதான் பெரிய செலவு. டயரைத் தள்ளிட்டுப் பார்த்தா எல்லாம் சேர்த்து டிஸ்க் கொட்டேஷனில் பாதிகூட வரல.

இப்ப நேரா நிக்குது, மேலேயே பிடிக்குது. மணலி ரோட்டில் கன்டெய்னர் பக்கத்தில் போனாலும் ஆட்டம் இருக்கு, ஆனா ஒரு தடவை ஆடி அடங்குது.

#20 வேகப்பிரியன்

சந்தோஷம். ஆனா நான் இன்னும் டிஸ்க் கட்சிதான். இதெல்லாம் சரியாகிட்ட வண்டியில் போட்டா இன்னும் நல்லா இருக்குமே?

#21 ஓய்வில் ஒரு பொறியாளர்

இருக்கும், மறுக்கவில்லை. எடை குறைந்து, எல்லாம் புதிதாகி, அதன் பிறகும் மலையில் பிரேக் வாசனை வந்தால் அப்போது பேசலாம். அப்போதும் என் ஓட்டு முதலில் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு. புகைக்குழாயை ஒரு தகடு அடைத்து இன்ஜினையே தடையாக்கும், டிரம் குளிர்ச்சியாக இருக்கும். பின் சக்கரத்தில் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் மழையில் நிதானம் வேண்டும். இன்ஜின் வால்வு ஸ்பிரிங் அந்த எதிர் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

#22 கடலோரக்கேரவன்

கொல்லிமலைக்கு முன்னாடி ஏலகிரி போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம், 14 வளைவுதான். இறங்கும்போது கவனிக்க வேண்டியது எதாவது இருக்கா அண்ணே?

#23 மூலக்கடை மெக்கானிக்

எந்த கியருல ஏறுனியோ அதே கியருல எறங்கு. பிரேக்கு மேல கால வெச்சிக்கினே இருக்காதே. அழுத்தி குறை, வுட்டுடு, மறுபடி அழுத்து. கீழ வந்து ஓரங்கட்டி நாலு டிரம்மு கிட்டயும் கைய காட்டு, தொடாதே. ஒண்ணு மட்டும் ரொம்ப சூடா இருந்தா எந்த பக்கம்னு எழுதி வெச்சிக்கினு வா, பாக்கலாம். சூடு ஆறட்டும்னு தண்ணி ஊத்திடப் போற, வார்ப்பு டிரம்மு வெடிச்சிரும். போறதுக்கு முன்ன கடைப்பக்கம் வா, யூ போல்ட்டு டைட்டு வைக்கணும்.